பாடசாலையும் தன்பாலீர்ப்பு வெறுப்பும்: உடுவிலை முன்வைத்து ஒரு நோக்கு

தன்பாலீர்ப்புடைய மாணாக்கர் பாடசாலையில் எதிர்நோக்கும் ஏளனமும் வன்முறையும் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் திரைப்படத்திலிருந்தும் உட்புகுந்தவை என்று ஆசிரியர் பலர் கருதுவர். ‘ஒன்பது’ என்னும் வசையைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையே. ஆயினும் அவ்வெறுப்பினை ஒழுக்கம் என்ற பெயரால் நிலைபெறச் செய்வதிற் பாடசாலைக்கென்றே ஒரு வரலாற்றுப் பங்கு உண்டு. அதனை இனங்காணாதவிடத்து நாம் வழங்கும் ஆதரவு வெறும் இரக்கமாகவே எஞ்சும்.

உடுவிலை எடுத்துக்கொள்வோம். 1824 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோவின் பொறுப்பில் இங்கு பெண்கள் விடுதிப் பாடசாலை ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணப் பெண்கல்வி வரலாற்றில் அதன் முற்போக்கான பாத்திரம் மறுத்தற்கரியது. அதேவேளை, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற கிறித்தவ இளைஞருக்குக் கற்ற மனைவியரை உருவாக்குதலும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. கல்வியை முடித்துக் கிறித்தவரை மணந்த மாணவியருக்கு மிஷனே சீதனம் வழங்கியது! அயலிலுள்ள மருதனார்மடத்தில் 1913 இல் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய சைவ மகளிர் கல்லூரி சமயத்தால் வேறுபட்டது; நல்ல இல்லாளை ஆக்குதல் என்னும் இலட்சியத்தால் அத்துணை வேறுபட்டதன்று. சாதியும் காணியும் சீதனமும் திருமணத்தின் வழியே கைமாறும் சமூகத்திற் பாடசாலை அத்திருமணத்திற்கு ஆளை ஆயத்தப்படுத்தும் களமாயிற்று. அதற்குப் பொருந்தாத பிள்ளை ஒழுக்கக்கேட்டின் வடிவமாகக் காணப்படுவதன் பொருளியல் அடித்தளம் இதுவே.

ஆண்பிள்ளைகளின் நிலையை சியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ (1994) என்னும் ஆங்கில நாவல் துலக்கமாகக் காட்டுகின்றது. மணப்பெண் வேடமிட்டு விளையாடும் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜியை அவன் தந்தை கொழும்பிலுள்ள விக்டோரியா அக்கடமிக்கு மாற்றுகின்றார். அது அவனை ஆணாக்கும் என்பது அவர் நம்பிக்கை. பிரம்பால் ஆளும் அதிபர், பிரித்தானியப் பேரரசின் பாடசாலை வீரத்தைப் போற்றிய ஹென்றி நியூபோல்ட்டின் கவிதைகளைப் பரிசளிப்பு விழாவில் ஒப்புவிக்குமாறு அவனைப் பணிக்கின்றார். அவனோ தான் நேசிக்கும் சகமாணவன் ஷெஹானின் பொருட்டு அவ்வரிகளை மேடையில் வேண்டுமென்றே குழப்பிவிடுகின்றான். ஆண்மை என்பது இங்கு பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. எமது விமர்சகர் இந்நாவலை 1983 இனவன்செயலின் சாட்சியமாக மட்டும் வாசித்தல் போதாது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையும் (1883) அதே பேரரசின் கொடையே. அதன் 365, 365அ ஆகிய பிரிவுகளைக் காட்டி அஞ்சுவோர் உளர். 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. எனினும் அப்பிரிவுகள் செயலைப் பற்றியன. ஒரு மாணவரின் ஈர்ப்பையோ, அவருக்குச் செவிசாய்க்கும் ஆசிரியரையோ குற்றமாக்குவன அல்ல. இக்குற்றத்தை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என இலங்கை உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தமையும் கருதற்பாலது.

இதனை முதலாளித்துவச் சீரழிவு என ஒதுக்கும் முற்போக்காளருக்கு ஒன்று கூறலாம்: புரட்சிக்குப் பிந்திய ரசியாவின் 1922 ஆம் ஆண்டுக் குற்றவியற் கோவையில் இக்குற்றம் இடம்பெறவில்லை, 1934 இலேயே அது மீண்டும் புகுத்தப்பட்டது.

எமது மண்ணிலேயே பொருத்தமான முன்னுதாரணம் உண்டு. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் சமாசனம் நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பாளர் பாடசாலைகளை எரித்தனர். ஊரின் மனம் மாறட்டும் எனக் காத்திருந்திருப்பின் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்திலேயே இருந்திருப்பர். மாறியது முதலில் வாங்கு; மனம் பின்னரே, அதுவும் அரைகுறையாக.

ஆகவே ஆதரவும் நடைமுறை விதியாதல் வேண்டும். இவ்வகையிற் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 யூன் 7 ஆம் திகதி ஆணை கவனத்திற்குரியது: பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் வழியே பெற்றோருக்கு விளக்கமளித்தல், இம்மாணவரை உணர்ந்த ஆலோசகரை நியமித்தல், எவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை ஆகியவற்றை அது குறிப்பிட்டது, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளையும் தடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டமையால், ‘குணப்படுத்த’ முனையும் ஆலோசனை ஆசிரியர் அறிவியலுக்குப் புறம்பே நிற்கின்றார். வசை கூறியவரை விடுத்து வசைக்குள்ளானவரை ‘நடையை மாற்று’ எனத் திருத்துதலும் நிறுத்தப்படல் வேண்டும்.

ஒழுங்குச் சுற்றறிக்கைகள் எளிதிற் கூறாத ஒன்றும் உளது. மாணவி ஒருத்தி தன் தோழிமீதுள்ள அன்பை ஆசிரியையிடம் நம்பிக் கூறின், அச்செய்தி அவளது சம்மதமின்றி வீட்டுக்குச் செல்லலாகாது. எமது ஊர்களில் அது சென்றடைந்த மறுவாரமே படிப்பு நிறுத்தப்பட்டுச் சாதகக் குறிப்பு தரகரிடம் போய்விடக்கூடும்.