தோளுக்கேற்ற வண்டி

பெங்களூர் லிங்கராஜபுரத்து மேம்பாலத்தின் ஏற்றத்தில், கைகளாலேயே மூன்று சக்கர வண்டியைச் செலுத்திக்கொண்டு வந்த ஒருவரை ஒரு நாள் மாலை சற்று நின்று கவனித்தேன். கைப்பிடி அகன்று செல்லும் ஒவ்வொரு சுற்றிலும் அவர் முதுகு சாய்மானத்தை விட்டு நாலு விரற்கடை முன்னே பெயர்ந்து, பிறகு மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. பார்ப்பவர்கள் அதைச் சரீர பலஹீனம் என்றே எண்ணுவர். குறையோ ஆசனம் பின்தள்ளி அமைந்திருந்ததில் இருந்தது.

இதே பேட்டையில்தான், என்.எஸ். ஹேமா அம்மையார் 1959-இல் தொடங்கிய, ஏ.பி.டி. என்று வழங்கும் மாற்றுத்திறனாளர் ஸ்தாபனம் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குப் புனர்வாழ்வுப் பயிற்சி அளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. அத்தகையவர்களுக்குக் காலின் வேலையையும் சேர்த்துச் செய்வது தோளே; ஆனால் தோள்மூட்டு நாலா பக்கமும் அசைவதற்கென்று ஆழமற்ற குழியில் பொருந்தியிருப்பதேயன்றி, இடுப்பைப்போல் பாரம் தாங்கப் பிறந்ததன்று. சக்கர நாற்காலியின் வளையத்தை விட்டு விட்டுத் தள்ளும்போது தோளின்மேல் விழும் அதிர்ச்சி, கைப்பிடியைச் சுழற்றி ஓட்டும் இத்தகைய கைச்சைக்கிளில் விசை வட்டம் முழுவதும் பரவுவதால் வெகுவாகத் தணிகிறது. அதே பிரயாசையில் கூடுதல் தூரமும் போகலாம்.

இந்த அனுகூலம் முழுதும் வண்டி ஆளுக்குப் பொருந்துவதைப் பொறுத்தது. கைப்பிடி மிகத் தொலைவில் நிற்கும்போதும் முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும்; முற்றும் நீண்டுவிட்டால் தோள்பட்டை முன்னிழுக்கப்பட்டு முதுகு ஆதாரம் இழக்கும்; மிக நெருங்கினாலோ தள்ளும் தசைக்கு நீள இடமிராது. கைப்பிடியைத் தாங்கிச் சுழலும் கிராங்கின் அச்சு தோள்மட்டத்துக்கு மேல் ஏறினால், கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் மூட்டுக்குள் தசைநாண் நசுங்கும். கிராங்க் நீளமானால் நெம்பும் பலம் மிகும், தோளின் அலைச்சலும் உடன் மிகும். ஆகையால் அதைக் கையின் நீளம் பார்த்தே தேர்ந்துகொள்ள வேண்டும்.

கால் சைக்கிளின் பெடல்கள் எதிரெதிராய் இருக்க, பந்தயக் கைச்சைக்கிளில் இரு கைப்பிடிகளும் இணையாகவே சுழல்வானேன் என்பது எனக்கு வெகுநாள் விளங்காதிருந்தது. முன்சக்கரத்தைத் திருப்புவதும் அதே கைப்பிடிகள்தாம்; ஒரு கை தள்ள மறு கை இழுத்தால் வண்டி இடமும் வலமுமாய் முறுக்கிக்கொள்ளும், அதை அடக்குவதற்கே வயிற்றுத் தசைகளின் சக்தி விரயமாகும். முதுகுத்தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கு அந்தத் தசைகளும் உதவுவதில்லையே!

2004-இல் ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் இடம்பெற்ற கைச்சைக்கிள் பந்தயத்தில், வயிற்றுத் தசைகள் செயலற்றவர் சாய்ந்து படுத்தும், அவை வலுவாயுள்ளவர் மண்டியிட்டு உடற்பாரத்தையே முன்னெறிந்தும் ஓட்டுவர். இரு கால்களையும் இழந்த இத்தாலிய வீரர் அலெக்ஸ் ஜானார்டி 2012-இல் லண்டனில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றது இவ்விதம் மண்டியிட்டுத்தான்.

நம் ஊர் முகாம்களில் வண்டி வழங்குவது பெரிய தர்மம், மறுக்கவில்லை. ஆனால் சட்டைக்கே தையற்காரர் தோளும் கையும் அளந்துதான் துணி வெட்டுகிறார். வண்டி வாங்குபவரையும் அதில் அமரவைத்து, முதுகைச் சாய்மானத்தில் பதியச்செய்து, கைப்பிடியைத் தூரத்துக்குச் சுழற்றி முழங்கையின் மடிப்பைப் பாருங்கள். ஒரு ஸ்பானரும் பத்து நிமிஷமும் போதும். ஒரு மாதம் ஓட்டிய பின், பழகிய அந்த உடலை மறுபடியும் ஒரு முறை அளந்து பாருங்கள்.