குறுந்தூர ஓட்டத்துக்கு டீசல் வாகனம் ஏற்றதா? குடாநாட்டுக் குடும்பங்கள் பார்க்க வேண்டிய கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாகனம் ஒன்று வாங்கப் புறப்படும் எவருக்கும் முதலில் கிடைக்கும் ஆலோசனை "டீசல் எடுங்கோ, செலவு குறைவு" என்பதுதான். ஏ9 வீதியால் கொழும்புக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹயஸ் வானுக்கும், வெங்காயமும் மரக்கறியும் ஏற்றித் தம்புள்ளைக்குப் போகும் லொறிக்கும் இந்த ஆலோசனை பொருந்தும். ஆனால், காலையில் கொக்குவிலில் இருந்து பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கி, திருநெல்வேலிச் சந்தையில் நின்று, மாலையில் ரியூசனுக்கும் கோயிலுக்கும் போய் வரும் வாகனத்துக்கும் இது பொருந்துமா?

இதைச் சிறிய கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. போரில் எல்லாவற்றையும் இழந்து, சேமிப்பைப் பூச்சியத்தில் இருந்து தொடங்கிய குடும்பங்கள் வெளிநாட்டில் உள்ள உறவுகள் அனுப்பிய பணத்திலோ லீசிங்கிலோதான் வாகனம் எடுக்கின்றன. பிழையான தெரிவு ஒன்றின் சுமை பல வருடங்களுக்கு அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

தடைக்காலம் சொல்லித்தந்த பாடம்

டீசல் இயந்திரத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள எம்மவர்கள் பெரிய நூல்களைப் புரட்டத் தேவையில்லை. 1990 இல் போர் மீண்டும் வெடித்த பின்னர் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. அந்த வருடங்களில் மொறிஸ் மைனர், ஏ40 கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். பெற்றோலில் சில துளிகளை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின்னர்தான் மண்ணெண்ணெய் எடுத்தது. தோட்டத்து இறைப்பு மெசினும் அப்படித்தான்: தொடக்கத்துக்குப் பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய்.

குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதே காரணம். எரியாமல் மிஞ்சுவது கரும்புகையாக வெளியேறும். ஒரு பகுதி சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே இறங்கி, ஓயிலைத் தண்ணீராக்கும். அதனால்தான் அக்காலச் சாரதிகள் அடிக்கடி ஓயில் மாற்ற வேண்டியிருந்தது.

டீசலும் மண்ணெண்ணெயைப் போலக் கனமான எண்ணெய். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை நெருக்கும்போது உண்டாகும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. இயந்திரம் முழுவதும் சூடாக இருந்தால் இந்த வேலை மிகச் சிறப்பாக நடக்கும். உலோகம் குளிர்ந்திருந்தால் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், டீசல் அரைகுறையாக எரியும். அதிக அழுத்தத்தைத் தாங்கும் வகையில் டீசல் இயந்திரம் கனமாகச் செய்யப்பட்டிருப்பதாலும், அது வெப்பத்தை வீணாக்காமல் வேலையாக மாற்றுவதாலும், பெற்றோல் இயந்திரத்தைவிடச் சூடேறுவதற்கு அதிக நேரம் எடுக்கிறது. நெடுந்தூரத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்கும் அதே குணம்தான் மூன்று கிலோமீற்றர் ஓட்டத்தில் அதற்குப் பாதகமாகிறது.

எமது வெயில் காப்பாற்றாதா?

ஓரளவு காப்பாற்றும். டீசல் வாகனம் குறுந்தூரத்துக்கு ஆகாது என்ற எச்சரிக்கை பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்து வருவது. அங்கே குளிர்காலக் காலையில் இயந்திரம் பூச்சியப் பாகையில் இருந்து சூடேற வேண்டும். இங்கே விடியற்காலையிலும் அது 25 பாகை அளவில் இருக்கும். எனவே எமது வாகனங்கள் அங்குள்ளவற்றைவிட விரைவாகச் சூடேறும். ஹீற்றர் பிளக் பழுதானால்கூட இங்கே வாகனம் பெரும்பாலும் ஸ்ராட் ஆகிவிடும்.

ஆனால் இயந்திரம் ஒழுங்காக வேலைசெய்யும் நிலை 80 முதல் 90 பாகை வரை. டாஷ்போர்ட்டில் உள்ள முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் அது காட்டுவது தண்ணீரின் சூட்டைத்தான். ஓயில் அந்த நிலைக்கு வர இன்னும் பல நிமிடங்கள் ஆகும். நல்லூரில் இருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய் வாகனத்தை நிறுத்தும்போது ஓயில் அரைச்சூட்டில்தான் இருக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பும்போது மறுபடியும் சூடேற்றம் தொடங்கும்.

ஒரு நாள், ஒரு கிழமை இப்படி ஓடுவதால் எதுவும் கெட்டுப்போகாது. வருடக்கணக்கில் இதுவே வழக்கமானால்தான் கேடு.

எங்கே கேடு சேர்கிறது?

முதலாவது, கரி. அரைகுறையாக எரிந்த டீசலின் கரி, புகையின் ஒரு பகுதியை மீண்டும் இயந்திரத்துக்குள் அனுப்பும் வால்விலும், காற்று உள்ளே வரும் குழாயிலும், டேர்போவிலும் படியும். இழுவை குறையும், புகை கூடும். வருடாந்தம் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கான புகைப் பரிசோதனையில் டீசல் வாகனங்கள் சிக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, ஓயில். எரியாத டீசல் ஓயிலுடன் கலக்கும். எரியும்போது உண்டாகும் நீராவியும் குளிர்ந்த இயந்திரத்துக்குள் தண்ணீராகத் தங்கும். நன்றாகச் சூடேறி ஓடினால் இவை ஆவியாகி வெளியேறும். குறுந்தூரத்தில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாவது, புதிய டீசல் வாகனங்களில் மட்டும் இருப்பது: கரியைப் பிடிக்கும் பில்டர். டி.பி.எவ். என்று கராஜ்களில் சொல்வது இதனைத்தான். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் புகைச் சட்டங்கள் இறுகிய பின்னர், 2010 ஆம் ஆண்டை ஒட்டி இது பரவலாக வந்தது. சைலன்சர் பாதையில் உள்ள இந்தப் பில்டர் கரியைச் சேர்த்துவைத்து, நிரம்பும் தறுவாயில் அதனைத் தானே எரித்துச் சாம்பலாக்கும். அதற்குள் வெப்பம் சுமார் 600 பாகைக்கு ஏற வேண்டும். வாகனம் நிற்காமல் 15, 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓடினால்தான் இது நடந்து முடியும். கே.கே.எஸ். வீதியில் சந்திக்குச் சந்தி நின்று போகும் வாகனம் தொடங்கிய எரிப்பை முடிக்க முடியாமல் நின்றுவிடும். அந்த எரிப்புக்காக மேலதிகமாகத் தெளிக்கப்பட்ட டீசல், பல வாகனங்களில் ஓயிலுக்குள்தான் இறங்கும்.

சாதாரண டீசலில் கந்தகம் சுப்பர் டீசலைவிட அதிகம். இத்தகைய பில்டர் உள்ள வாகனத்துக்கு வாகனக் கையேடு கேட்கும் எரிபொருளையே அடிக்க வேண்டும். லீற்றருக்குச் சில பத்து ரூபாக்களை மிச்சம் பிடிக்கப் போய், இலட்சக்கணக்கில் பெறுமதியான பில்டரை மாற்ற நேரலாம்.

பணக்கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் வாகனத்துக்கும் அன்றைய விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பெற்றோல் லீற்றர் 300 ரூபா, டீசல் 285 ரூபா என்று வைப்போம். வீட்டு வாகனம் ஒரு நாளைக்கு 10 கிலோமீற்றர் வீதம் வருடத்தில் 300 நாட்கள் ஓடினால் 3,000 கிலோமீற்றர். குறுந்தூரத்தில் பெற்றோல் கார் லீற்றருக்கு 11 கிலோமீற்றரும், அதே அளவான டீசல் கார் 13 கிலோமீற்றரும் ஓடினால், வருடச் செலவு முறையே சுமார் 81,800 ரூபா, 65,800 ரூபா. மிச்சம் 16,000 ரூபா மட்டுமே. டீசல் வாகனத்தை 5 இலட்சம் ரூபா கூடக் கொடுத்து வாங்கியிருந்தால், அந்தப் பணம் திரும்ப 30 வருடங்களுக்கு மேல் ஆகும். இடையில் ஒருமுறை இன்ஜெக்டர் பழுதானாலே மிச்சம் போய்விடும்.

இப்போது, வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் வெளியூர் ஓட்டம் ஓடும் வாகனத்தைப் பார்ப்போம். பெற்றோலுக்கு லீற்றருக்கு 14, டீசலுக்கு 18 என்று வைத்தால், வருட மிச்சம் சுமார் 112,000 ரூபா. மேலதிகமாகக் கொடுத்த 5 இலட்சம் ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும்.

எனவே "டீசல் இலாபம்" என்ற பேச்சு பொய்யல்ல. அந்த இலாபத்தைத் தருவது ஓடும் தூரம்.

விலை வித்தியாசமும் நிலையானதல்ல. 2022 இன் பிற்பகுதியில் இலங்கையில் டீசல் பெற்றோலைவிட விலை கூடியதாக விற்கப்பட்டதை மறந்துவிடக்கூடாது. அதே வருடம் ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கும் வானுக்கும் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்துதான் கிடைத்தது. அன்று தாக்குப்பிடித்தவர்கள் குறைவாக எரிக்கும் வாகனத்தை வைத்திருந்தவர்களும், சைக்கிளை மறக்காதவர்களும்தான்.

யாருக்கு எது?

வாழ்வாதாரத்துக்காகப் பாரம் ஏற்றும் பட்டா வாகனம், லான்ட்மாஸ்ரர், பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் நாள்முழுவதும் ஓடும் மினிபஸ், கொழும்பு ஹயர் ஓடும் வான் ஆகியவற்றுக்கு டீசல்தான் பொருத்தம். ஒவ்வொரு ஓட்டமும் சிறிதானாலும், இடையில் இயந்திரம் ஆறாமல் தொடர்ந்து ஓடினால் பாதிப்புக் குறைவு.

வீடு, பாடசாலை, சந்தை, கோயில் என்று ஐந்து கிலோமீற்றருக்குள் சுற்றும் குடும்பத்துக்குச் சிறிய பெற்றோல் கார், ஸ்கூட்டர், அல்லது கலப்பு எரிபொருள் கார் போதுமானது. கலப்பு எரிபொருள் காரில் பெரிய பற்றரியின் நிலையைப் பரிசோதித்தே வாங்க வேண்டும். குன்றும் மலையும் இல்லாத எமது மண் மின் ஸ்கூட்டருக்கும் நல்ல இடம். குளிர்ந்த ஓட்டம் பெற்றோல் இயந்திரத்துக்கும் நல்லதல்ல, ஆனால் அதற்கு ஏற்படும் பாதிப்பும் திருத்தச் செலவும் பொதுவாகக் குறைவு.

விதிவிலக்கும் உண்டு. போரில் கால் இழந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் உள்ள வீட்டுக்கு அகலமான கதவுள்ள வான்தான் தேவை. கிளினிக்குக்குப் போகும் நாலு கிலோமீற்றரைத் தவிர்க்கவும் முடியாது. அப்படியான வான் பெரும்பாலும் டீசலில்தான் கிடைக்கும். அங்கே வசதியே முதன்மையானது, எரிபொருள் இரண்டாம் பட்சம். டேர்போவும் பில்டரும் இல்லாத பழைய, எளிமையான டீசல் இயந்திரம் குறுந்தூரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

டீசல் ஏற்கெனவே வீட்டில் நின்றால்

விற்கத் தேவையில்லை. பழக்கத்தை மாற்றினால் போதும்.

சந்தை, வங்கி, ஆஸ்பத்திரி வேலைகளை மூன்று தடவையாகப் பிரிக்காமல் ஒரே சுற்றில் முடியுங்கள். கிழமைக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் நிற்காமல் ஓடவிடுங்கள். யாழ் நகரில் இருந்து பருத்தித்துறை சுமார் 33 கிலோமீற்றர், அந்தப் பக்கத்து வேலை ஒன்றை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

வாகனத்தை நிறுத்தி வைத்து இயந்திரத்தைச் சூடாக்காதீர்கள். வேலை செய்யாமல் நிற்கும் டீசல் இயந்திரம் மெதுவாகவே சூடேறும், கரியும் சேரும். இயக்கிய அரை நிமிடத்தில் புறப்பட்டு, முதல் சில கிலோமீற்றரை மிதமாக ஓட்டுவதே நல்லது.

ஓயிலைக் கிலோமீற்றரை மட்டும் பார்த்து மாற்றாமல், கையேட்டில் உள்ள கால எல்லையையும் பாருங்கள். குறுந்தூர ஓட்டத்துக்கு அந்த எல்லைக்கு முன்னரே மாற்றுவது நல்லது. ஓயில் கம்பியில் அளவு குறைந்தால்தான் பயப்படுகிறோம். குறுந்தூரம் ஓடும் டீசலில் அளவு கூடினாலும் பயப்பட வேண்டும். அது டீசல் கலந்ததற்கான அடையாளம்.

டீசல் பில்டரில் தங்கும் தண்ணீரைக் காலத்துக்குக் காலம் வெளியேற்றுங்கள். தட்டுப்பாட்டுக்குப் பயந்து கானில் நெடுநாள் வைத்த டீசலில் தண்ணீரும் அழுக்கும் சேரும். புதிய இன்ஜெக்டர்களின் மயிரளவான துளைகளுக்கு அது எமன். டி.பி.எவ். விளக்கு எரிந்தால் அன்றே ஏ9 பக்கம் அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். அணையாவிட்டால் கராஜுக்குப் போங்கள். "கழற்றி எறிஞ்சு விடுவம்" என்ற யோசனையை ஏற்காதீர்கள். அந்தப் பில்டர் பிடித்துவைக்கும் கரி பிறகு வீதியில் நிற்பவர்களின் நெஞ்சுக்குள்தான் போகும்.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்தியது. பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் இயந்திரத்தை நிறுத்தாமல் குளிரூட்டியுடன் காத்திருக்கும் வான்கள் அந்தப் புகையைப் பிள்ளைகளின் முகமட்டத்தில்தான் விடுகின்றன. அந்தப் பத்து நிமிடம் சாவியைத் திருப்பி வைப்பதால் எவருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை.

வாகனம் பார்க்கப் போகுமுன் ஒரு கிழமைக்கு உங்கள் வீட்டு ஓட்டங்களை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: எத்தனை தடவை, எத்தனை கிலோமீற்றர், இடையில் எவ்வளவு நேரம் நின்றது. பெரும்பாலான வரிகளில் ஐந்துக்குக் குறைந்த இலக்கமே இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் டீசலுக்காக மேலதிகப் பணம் கொடுக்காதீர்கள்.