மூன்று மரபணு, ஒரு சிவப்பு

ஆய்வகத்தில் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு நிறம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அகர் தட்டில் வெளிறிய புள்ளிகளாக வளரும், அவ்வளவுதான். அதற்குள் மூன்று மரபணுக்களை நுழைத்து, தட்டில் தேய்த்து ஓரிரு நாள் வைத்தால், குண்டூசித் தலை அளவுப் புள்ளி ஒவ்வொன்றும் இளஞ்சிவப்பாக எழும்பி நிற்கும். தக்காளியில் இருக்கும் அதே லைக்கோபீன்தான் அந்தச் சிவப்பு. நான்காவது மரபணுவையும் சேர்த்தால் புள்ளிகள் கேரட்டின் பீட்டா கரோட்டீனுக்கு மாறும். ஐந்தாவதையும் சேர்த்தால் மக்காச்சோளத்துக்கு மஞ்சள் தரும் சியாசாந்தின்.

இந்த மரபணுக்களைத் தக்காளியிலிருந்தோ கேரட்டிலிருந்தோ எடுக்கவில்லை. செடிகளின் மேல் வாழும் பான்டோயா அனனாட்டிஸ் என்ற மஞ்சள் பாக்டீரியாவின் சொத்து அவை. ஜப்பானில் நோரிஹிகோ மிசாவாவும் சகாக்களும் இவற்றை ஈ.கோலைக்குள் விட்டுப் பார்த்து, எந்த மரபணு எந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்து 1990இல் வெளியிட்டார்கள். ஆய்வு நடந்தது கிரின் பீர் நிறுவனத்தில். பீர் காய்ச்சுகிறவர்களுக்கு நிறமியில் என்ன வேலை என்று கேட்கலாம். நுண்ணுயிரை வளர்த்துச் சரக்கு எடுப்பதில் அவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள் யார்?

ஈ.கோலை நிறமி செய்யாதே தவிர, கச்சாப்பொருள் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. செல்சுவர் கட்டுவதற்கும் சுவாசத்துக்கும் வேண்டிய சில மூலக்கூறுகளுக்காக, 5 கார்பன் கொண்ட துண்டுகளைச் செய்து, மூன்றைக் கோத்து 15 கார்பன் சங்கிலியாக்குவது அதன் அன்றாட வேலை. புதிதாக வந்த மரபணுக்கள் ஆளுக்கொரு நொதி செய்கின்றன. முதல் நொதி அந்தச் சங்கிலியோடு இன்னொரு துண்டைச் சேர்த்து 20 ஆக்கும். இரண்டாவது நொதி, அப்படிப்பட்ட இரண்டு சங்கிலிகளை ஒட்டி 40 ஆக்கும். இதற்குப் பெயர் ஃபைட்டோயீன். முழு நீளமும் வந்தாயிற்று, நிறம்தான் இன்னும் வரவில்லை.

மூன்றாவது நொதி சேர்ப்பதை விட்டுவிட்டுப் பிடுங்கத் தொடங்குகிறது. நான்கு தடவை, தடவைக்கு இரண்டு ஹைட்ரஜன். பிடுங்கிய இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் உண்டாகின்றன. ஃபைட்டோயீனின் நடுவில் ஒற்றை, இரட்டை என மாறிமாறி வரும் தொடரில் 3 இரட்டைப் பிணைப்புகள்தான் உண்டு. லைக்கோபீனில் 11. அந்தத் தொடர் முழுக்க எலக்ட்ரான்கள் பரவி நிற்கும். கயிறு நீண்டால் ஊஞ்சல் நிதானமாக ஆடுவதுபோல, தொடர் நீண்டால் எலக்ட்ரானைக் கிளப்பக் குறைந்த ஆற்றலே போதும். ஃபைட்டோயீனை அசைக்கப் புற ஊதா வேண்டும்; அது நம் கண்ணுக்குத் தெரியாது. லைக்கோபீனுக்கு நீலமும் கொஞ்சம் பச்சையும் போதும். அவற்றை விழுங்கிவிட்டு அது திருப்பி அனுப்பும் மிச்ச ஒளி நமக்குச் சிவப்பு.

நான்காவது நொதியின் வேலை எனக்கு இன்னும் பிடிக்கும். ஓர் அணுவைக்கூடச் சேர்க்காமல், எடுக்காமல், சங்கிலியின் இரு முனைகளையும் வளையமாக மடக்கிவிடுகிறது. லைக்கோபீனிலும் 40 கார்பன், 56 ஹைட்ரஜன்; பீட்டா கரோட்டீனிலும் அதே கணக்கு. ஆனால் வளையத்துக்குள் போன இரட்டைப் பிணைப்புகள் சற்றுத் திருகிக்கொள்வதால் தொடரின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, சிவப்பு ஆரஞ்சாகிறது. நம் உடலுக்கு இந்த மடிப்பு முக்கியம். பீட்டா கரோட்டீனிலிருந்து வைட்டமின் ஏ எடுத்துக்கொள்ள முடியும், லைக்கோபீனிலிருந்து முடியாது.

பாக்டீரியா ஒரே நொதியில் முடிக்கும் ஹைட்ரஜன் வேலைக்குச் செடிகள் நான்கு நொதிகள் வைத்திருக்கின்றன. 2000இல் இங்கோ பொட்ரிகுஸும் பீட்டர் பேயரும், மணிக்குள் பீட்டா கரோட்டீன் செய்யும் பொன் அரிசியை அறிவித்தபோது, டாஃபோடில் பூச்செடியின் மரபணுவோடு இந்தப் பாக்டீரியா மரபணுவையும் நெல்லில் வைத்திருந்தார்கள். வளையம் மடக்கும் மரபணு வைக்காத பயிரில் சிவந்த அரிசி வர வேண்டும். வந்ததோ மஞ்சள்! மடக்கும் நொதி நெல்மணிக்குள் முன்பே இருந்திருக்கிறது.

ஒரு பாக்டீரியா எவ்வளவு பொருள் செய்கிறது என்று அறியப் பொதுவாகக் கருவியில் அளக்க வேண்டும். லைக்கோபீனுக்குத் தட்டைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் இந்த நிறமியை விடாமல் சுற்றிவருவதற்கு, அதன் விலையைவிட இந்த வசதிதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 2009இல் ஹார்வர்டின் ஹாரிஸ் வாங், ஜார்ஜ் சர்ச் குழு ஈ.கோலையின் 24 மரபணுக்களை ஒரே நேரத்தில் விதவிதமாக மாற்றி, கோடிக்கணக்கான வகைகளை உண்டாக்கி, நன்றாகச் சிவந்தவற்றைப் பொறுக்கியது. மூன்றே நாளில் உற்பத்தி ஐந்து மடங்கு.

சிவக்கச் சிவக்கப் பாக்டீரியாவுக்குத்தான் திண்டாட்டம். கச்சாப்பொருளையெல்லாம் நிறமியே தின்றுவிட்டால் செல்சுவருக்கு என்ன மிஞ்சும்? போதாக்குறைக்கு, கரோட்டினாய்டு எனப்படும் இந்த நிறமிகள் தண்ணீரில் கரையா, கொழுப்பில்தான் தங்கும். ஈ.கோலையில் அதற்கான எண்ணெய்த் துளிகள் இல்லை என்பதால், செய்ததெல்லாம் மெல்லிய செல்சவ்வுக்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியதுதான். சவ்வையே பெருக்கி மடிக்க வைக்கும் புரதங்களைச் சேர்த்து, இடம் உண்டாக்கிக் கொடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

பிறத்தியார் மரபணுவை வாங்கிச் சிவப்பதில் இந்த ஈ.கோலைக்கு முன்னோடி உண்டு. விலங்குகள் பொதுவாகக் கரோட்டினாய்டு செய்யா. முட்டைக்கருவின் மஞ்சள்கூடக் கோழி தின்ற தீனியிலிருந்து வருவதுதான். பட்டாணிச் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியோ தானே செய்துகொள்கிறது. அதற்கான மரபணுக்கள் எப்போதோ ஒரு பூஞ்சையிலிருந்து தாவி வந்தவை என்று 2010இல் நான்சி மோரனும் டைலர் ஜார்விக்கும் காட்டினார்கள். இந்தப் பூச்சியில் சிவப்பும் உண்டு, பச்சையும் உண்டு. ஹைட்ரஜன் பிடுங்கும் நொதிகளில் ஒன்று வேலை செய்யாவிட்டால் பச்சை. இலைமேல் உட்கார்ந்திருக்கும் சிவப்புப் பூச்சிகள் பொறிவண்டுக்கு அதிகம் இரையாகின்றன. பச்சைப் பூச்சிகளின் உடலுக்குள் ஒட்டுண்ணிக் குளவி அதிகமாக முட்டையிடுகிறது.