மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்

கொல்லைப்புறத்தில் ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு இடமிருப்பின், ஒரே நீரில் மீனும் வளர்க்கலாம், கீரையும் வளர்க்கலாம். இதன் சூட்சுமம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரிகளிடம் உள்ளது. மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே நஞ்சாகும். சரளைக்கல் பாத்தியில் குடியேறும் நுண்ணுயிரிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் செடிக்கு உரமாகும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடிகள் அதனை உறிஞ்சிக்கொள்ள, நீர் மீண்டும் தொட்டிக்கே திரும்புகிறது.

இந்நுண்ணுயிரிகள் பெருகிட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல் முதல் நாளே தொட்டி நிறையக் குஞ்சுகளை விடுவோர், அவை செத்து மிதப்பதைக் காண நேரிடும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கையேடு, ஆயிரம் லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீனே போதும் என்கிறது. கடையில் மீன் குஞ்சு விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்! கீரைக்குப் பூச்சி மருந்து தெளிப்பதும் கூடாது; அது நீரில் கலந்து மீனைக் கொல்லும். புழுவைக் கையால்தான் பொறுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மின்வெட்டு. மோட்டார் நின்றால் நீரில் பிராணவாயு குறைந்து, நெருக்கமாக வளரும் மீன்கள் சில மணி நேரத்தில் மடியக்கூடும். ஆதலால் இரண்டாவது பாத்திக்குச் செலவிடும் முன்னர், பாட்டரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள்.