தூங்கிவிட்டு இறங்கு! ஊட்டி மலையில் சைக்கிள்காரர்களின் தூக்கக் கணக்கு

600 கிலோ மீட்டர் தூரத்தை சைக்கிளில் 40 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். இந்தப் பயணத்துக்குப் பெயர் "பிரவே". பாரீஸ் கிளப் ஒன்று வகுத்த விதி இது. கோவையிலும் நடக்கிறது. பந்தயம் அல்ல, முதல் பரிசு கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ்.

மணிக்கு 20 கி.மீ. வீதம் மிதித்தாலே 30 மணி நேரம் போய்விடும். சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் மிச்சமுள்ள 10 மணிக்குள்தான்! மலை ஏறினால் அதுவும் கரையும்.

"கீழே போய் படுத்துக்கலாம்" என்று நினைத்தால் வந்தது வினை!

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். ஏறும்போது உடம்பு சூடு. தூக்கம் எட்டிப் பார்க்காது. இறங்கும்போது மிதிக்கிற வேலை இல்லை. குளிரில் பிரேக் பிடித்த கை மரத்துப்போகும். கண் செருகும். குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள்!

பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை தூக்கம் ஆளை அமுக்கும் நேரம். அந்த நேரத்தில் இறக்கம் வராதபடி முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

அப்படியும் கண் சொக்கினால்? மேலேயே ஒரு டீ குடித்துவிட்டு 20 நிமிடம் படுக்கணும். எழும்போது டீ வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

40 மணி தாண்டினால் போவது சான்றிதழ்தான். தூங்கிக்கொண்டே இறங்கினால்..?