பாலும் அறுகும்: யாழ்ப்பாணத்து மணமகளுக்குரிய மங்கலங்கள்

யாழ்ப்பாணத்திலே ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டால், முதலில் தேடப்படுவது பஞ்சாங்கமே. கொக்குவிலிலிருந்து வெளிவரும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தை விரித்து நாள் பார்ப்போர் பலர். திருக்கணிதமே சரியென்போர் சிலர். எவ்வாறாயினும் நாள் குறித்த அக்கணம் முதலாக, மணமகளைச் சுற்றி நன்னிமித்தங்களால் ஆன வேலியொன்று எழத் தொடங்குகின்றது. அவ்வேலியின் கதியால்களை ஊன்றி வைத்தவர்கள் நம் பாட்டிமார். இவையெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவாரும் உளர். எள்ளளவும் மாற்றலாகாது என்று வாதிப்பாரும் உளர். இரு சாராரும் சற்றே நின்று, இவ்வழக்கங்களின் உட்பொருளை நோக்குதல் நன்று.

பொன்னுருக்கும் கன்னிக்காலும்

மணநாளுக்குச் சில நாள் முன்னதாகப் பொன்னுருக்கல் நிகழும். பொற்கொல்லர் வந்து தணல் மூட்டி, தாலிக்குரிய பொன் நாணயத்தை உற்றார் முன்னிலையில் உருக்குவார். அதன் பின்னர் முகூர்த்தம் வரையில் மணமக்கள் ஒருவரையொருவர் காணலாகாது என்பது கட்டுப்பாடு. மேல்நாட்டிலும், மணக்கோலத்து மங்கையை மணமகன் முன்னதாகப் பார்த்தால் தீமை என்றொரு நம்பிக்கை உண்டு. கடல் பல கடந்தும் மனித மனம் ஒன்றே போலும்!

கன்னிக்கால் ஊன்றுவதும் இக்காலத்திலேயே. முள்முருக்கந் தடியொன்றுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியமும் பாலும் இட்டு ஈசான மூலையில் நடுவார்கள். முருக்கு நம்மூர் வேலிகளிலே நாள்தோறும் காணும் மரம். வெட்டிய தடியை மண்ணில் ஊன்றினால் வேர்விட்டுத் துளிர்க்கும் இயல்புடையது. பிறந்த வீட்டிலிருந்து பெயர்த்து நடப்படும் பெண்ணும் அவ்வாறே துளிர்க்க வேண்டும் என்னும் விருப்பத்திற்கு இதனினும் ஏற்ற மரம் யாது? வாயிலில் குலையோடு நிற்கும் வாழையும், தாய் சாயுமுன் கன்றை ஈன்று தன் குலத்தை நிலைநிறுத்துவதன்றோ!

பாலறுகு வைத்தல்

மணநாட் காலையில் மணமகளுக்கு நிகழும் முதல் மங்கலம் பாலறுகு. ஒரு பாத்திரத்தில் பாலும் அறுகம்புல்லும் சில்லறைக் காசும் இருக்கும். மணமகள் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்க, பெரியோர் ஒவ்வொருவராக வந்து, இரு கைகளாலும் அதனை அள்ளி அவள் உச்சியில் வைத்து வாழ்த்துவர். அதன் பின்னரே நீராட்டு. பால் தூய்மைக்கும், காசு செல்வத்திற்கும் அறிகுறி. அறுகோ, கணுவுக்குக் கணு வேர் ஊன்றிப் படர்வது. கோடையில் கருகியது போலத் தோன்றி, முதல் மழையிலே தலைநிமிர்வது. "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி" வாழ்க என்று முதியோர் வாழ்த்துவதன் பொருள் இதுவே.

இவ்வழக்கத்தின் பழமை வியப்புக்குரியது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் காட்டும் திருமணத்திலே, பந்தலில் புதுமணல் பரப்பி விளக்கேற்றி, புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். 136ஆம் பாடலிலோ, வாகை இலையும் அறுகும் சேர்த்துக் கட்டிய வெண்ணூல் மணமகளுக்குச் சூட்டப்படுகின்றது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் மணமகள் சூடிய அதே புல், இன்றும் நம் கிணற்றடியில் அவள் தலைமேல் ஏறுகின்றது.

நிறைகுடம் முதல் அருந்ததி வரை

வாயிலிலே வாழையிலையில் நெல் பரப்பி நிறைகுடம் வைப்பர். இருபுறமும் குத்துவிளக்கு ஒளிரும். ஆலாத்தித் தட்டில் வாழைப்பழத் துண்டுகளிலே திரியிட்டு ஏற்றி, இரு பெண்கள் எதிரெதிரே நின்று சுற்றுவர். கண்ணூறு கழிப்பதற்கென்று இதற்குக் காரணம் கூறுவர்.

முதலில் ஒரு சேலையில் மணவறைக்கு வரும் பெண், மணமகன் தரும் கூறையைப் பெற்றுச் சென்று உடுத்து மீள்வாள். அதன் பின்னரே தாலி. அதிலே பிள்ளையார் உருவம் பொறித்தலும் உண்டு. கிறிஸ்தவர் சிலுவையோ புறாவோ பொறிப்பர். மதம் வேறாயினும் மங்கலம் ஒன்றே. தாலி ஏறும் வேளையில் தும்மலோ தீச்சொல்லோ மணமகள் செவியில் விழாதிருக்கவே கெட்டிமேளம் முழங்குகின்றது. தவில் மேதை தட்சணாமூர்த்தியை (1933–1975) உலகறியச் செய்த அளவெட்டியும், இசையாளர் நிறைந்த இணுவிலும் அருகிருக்க, இம்முழக்கத்திற்கு நம் மண்ணில் குறைவேது?

அம்மி மிதித்தல் மனவுறுதிக்கு. அருந்ததி காட்டலோ இணைபிரியாமைக்கு. சப்தரிஷி மண்டலத்திலே வசிட்டரென்னும் விண்மீனை ஒட்டி நிற்கும் சிறுமீனே அருந்ததி. பகல் முகூர்த்தத்தில் வெறும் வானத்தைக் காட்டி அமையும் தம்பதிகள், வைகாசி, ஆனி மாத முன்னிரவுகளிலே வடவானை நோக்கினால் அதனை மெய்யாகவே காணலாம்.

தாய் எங்கே நிற்கிறாள்?

இத்துணை அழகிய வேலியிலே ஒரு முள் உண்டு. பாலறுகு வைப்பதற்கும், ஆலாத்தி எடுப்பதற்கும், தாரை வார்ப்பதற்கும் கணவனை இழந்தவர் ஆகார் என்பது அது. தந்தை இல்லாத பெண்ணை மாமனும் மாமியும் தாரை வார்க்க, பெற்ற தாய் உள்ளறைக் கதவின் பின்னே நின்று பார்ப்பது நாம் அறிந்த காட்சி. 2009இல் முடிவுற்ற போரின் பின்னர், வடக்கிலே கணவரை இழந்து தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்த தாய்மார் எத்தனை பேர்! தையல் தைத்தும், மா இடித்தும், தோட்டத்தில் கூலி செய்தும் மகளின் தாலிக்கொடிக்கும் கூறைக்கும் வழி தேடியவள், அவற்றை அணிந்த மகளைத் தொட்டு வாழ்த்த அந்நாளில் உரிமையற்றவள் ஆகிறாள்.

இது நம் முன்னோர் வகுத்த மாறா நெறி என்பார்க்கு ஒன்று கூறலாம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையைப் புரட்டுக. தந்தை இறந்துவிட்டால், பிள்ளைகளை வளர்க்கும் தாயிடமே சொத்து முழுவதும் இருக்கும். அவர்களை மணம் செய்விக்கும்போது அவளே சீதனம் வழங்குவாள் என்று அது விதிக்கின்றது. சீதனத்தை எழுதிக் கொடுக்கும் கை மங்கலமானது. பாலில் தோய்த்த புல்லை எடுத்தால் அதே கை அமங்கலமாகிவிடுமா? அகநானூற்றுப் புலவரும் மணமகளை நீராட்டிய மகளிரைப் பற்றி எடுத்துக் கூறுவது, அவர்கள் மகப்பேறு உடையவர்கள் என்பதையே. தாய்மையே அங்கு வாழ்த்துக்குத் தகுதி.

வழக்கம் கல்லில் பொறித்ததன்று. தேசவழமையின் சொத்துரிமை விதிகளே 1911இல் சட்டத்தினால் திருத்தப்பட்டன. வாக்கியமா, திருக்கணிதமா என்று பஞ்சாங்கத்தையே தெரிந்தெடுக்கும் நாம், முதற்கை அறுகு யாருடையது என்பதையும் தெரிந்தெடுக்கலாம்.

ஆதலின் மணவீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பொன்னுருக்குக, கன்னிக்கால் ஊன்றுக, நிறைகுடம் வைக்க, ஆலாத்தி சுற்றுக. ஒன்றையும் விடவேண்டா. ஆயின் பாலறுகு வைக்கும் வேளையில், உள்ளறைக்குச் சென்று அத்தாயைக் கைப்பிடித்து அழைத்து வருக. கோடையில் கருகாது வேர்பிடித்து நின்று குடும்பத்தைக் காத்த அறுகு அவள். அவள் கையால் ஏறும் புல்லினும் மேலான மங்கலம் மகளுக்கு வேறில்லை.