விலையில்லா ஏடுகளும் நம் வீட்டுக் குழந்தைகளும்

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வண்டியில், சாளரத்தருகே அமர்ந்து நிலையப் பெயர்களைப் படித்து வருவது குழந்தைகளுக்கு இனிய விளையாட்டு. மகாராஷ்டிரத்து நிலையங்களில் நம் மகன் ஒரு பலகையையும் விடவில்லை. மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் அவனுக்குப் பள்ளிப் பாடங்கள். எல்லை கடந்தபின் கன்னடமும் தெலுங்கும் மேல்வரியில் வந்தன. அவற்றை விட்டுக் கீழ்வரிகளைப் படித்தான், அது இயல்பே. மதுரை நிலையத்திலும் அவ்வாறே மேல்வரியை விட்டுவிட்டு, "அங்கே என்ன எழுதியிருக்கிறது, அப்பா?" என்று கேட்டான். அவ்வரி அவன் தாய்மொழியில் இருந்தது.

ஊரை அடைந்ததும் அவனுடைய ஆச்சி ஒரு திருமண அழைப்பிதழை நீட்டி, "எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நீ வாசித்துச் சொல், ஐயா" என்றார். சிறுவன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு நம் கையில் தந்தான். ஆச்சி ஒன்றும் கூறவில்லை. ஏதேனும் கூறியிருந்தால் நமக்கு அத்துணை வருத்தம் இருந்திராது.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இதே நிலைதான். பேச்சு தமிழ், எழுத்து வேறு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆயினும் மேற்படிப்பையும் வேலையையும் எண்ணி நம்மில் பலர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புகிறோம். அது குற்றமன்று. ஆனால் பள்ளி தராததை வீடும் தராவிட்டால், பின் யார் தருவார்?

இக்கவலையோடு நண்பர் சிலர் கூடி, தாராவியில் ஞாயிறுதோறும் சிறுவர் வகுப்பொன்று தொடங்கினோம். ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பதினெட்டுக் குழந்தைகள். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எவரும் எங்களுள் இல்லை. நாமோ மெட்ரிகுலேஷனோடு நின்ற ரயில்வே எழுத்தர். நூல் வாங்கவும் போதிய பொருளில்லை. ஆகவே இணையத்தில் விலையின்றிக் கிடைப்பவற்றைத் தேடினோம்.

தேடியபோதுதான் கைக்கெட்டும் தொலைவில் எத்துணைச் செல்வம் இருக்கிறது என்பது விளங்கிற்று. உலகெங்கும் பரவி வாழும் தமிழரை எண்ணித் தமிழக அரசு 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு விளங்குகிறது. அதன் மழலைக் கல்விப் பகுதியில் எழுத்து, எண், பாட்டு, கதை ஆகியவை ஒலியோடும் படத்தோடும் உள்ளன. தமிழகப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பாடநூலையும் முழுமையாக இறக்கிக்கொள்ளலாம். பிரதம் புக்ஸ் என்னும் தொண்டு நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். குழந்தையின் வாசிப்புத் திறனுக்கேற்ப அவற்றை நான்கு படிகளாக வகுத்திருக்கின்றனர்.

இங்கு ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். விலையில்லை என்பது வேறு. உரிமையுண்டு என்பது வேறு. பணம் கேளாமல் கிடைப்பதையெல்லாம் நாம் அச்சிட்டு வழங்கிவிட முடியாது. ஸ்டோரிவீவர் கதைகளோ கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமத்தில் வெளியாகின்றன. எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் குறிப்பிட்டு, எவரும் அவற்றை அச்சிடலாம், படியெடுக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம்.

இத்தனையும் கிடைத்தும் முதல் இரண்டு மாதம் நாம் தோற்றோம். ஒரு கைப்பேசியைப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்துப் பாட்டுப் படங்களை ஓடவிட்டோம். குழந்தைகள் மகிழ்ந்தனர், பாட்டுகளை மனப்பாடமாகவே பாடினர். ஒருநாள் கரும்பலகையில் 'படம்' என்று எழுதிப் படிக்கச் சொன்னோம். பதினெட்டுப் பேரில் மூவரே படித்தனர். ஏனையோர் கைப்பேசியைத் திரும்பிப் பார்த்தனர். அதுகாறும் அவர்களுக்காகத் திரையே படித்து வந்தது என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

பின்னர் முறையை மாற்றினோம். சனிக்கிழமை இரவே வீட்டிலிருந்து கதையொன்றை இறக்கி வைத்துக்கொள்வோம். வகுப்பில் இணையம் வேண்டியதில்லை. முதற்படிக் கதையை இரு குழந்தைக்கு ஒரு படி வீதம் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவோம். அச்சுச் செலவை நண்பர்கள் பகிர்ந்துகொள்கின்றனர். முதலில் ட, ப, ம ஆகிய எளிய எழுத்துகள் மூன்றைக் கரும்பலகையில் கற்பிக்கிறோம். புள்ளி வைக்கக் கற்றதும் அம்மூன்றே படம், பட்டம், மடம், மட்டம் எனச் சொற்களாகிவிடும். அடுத்து, அச்சிட்ட ஏட்டில் அவ்வெழுத்துகளைத் தேடி வட்டமிடச் செய்கிறோம். கடைசியில்தான் பத்து நிமிடம் கைப்பேசி. அதுவும் கற்ற எழுத்தின் ஒலியைக் கேட்பதற்கே. வீட்டில் இன்னும் சிறிய குழந்தைகள் உள்ளோர் மற்றொன்றையும் அறிதல் நலம். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் அமர்ந்து திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும், குறையக் குறைய நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

மும்பைக் குழந்தைக்கென்றே தனி ஐயம் ஒன்றுண்டு. தேவநாகரி கற்ற சிறுமி ஒருத்தி, "தம்பியில் வரும் 'த' மதுரையில் மட்டும் ஏன் மெலிந்து ஒலிக்கிறது?" என்று கேட்டாள். தேவநாகரியில் அவ்வொலி வரிசைக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. சொல்லின் முதலில் அது வலிந்தும், இரண்டு உயிரொலிகளின் நடுவே மெலிந்தும் ஒலிக்கும் என்று விளக்கினோம். 'ரை' எழுதும்போது குறி முன்னே நிற்பதேன் என்பது அவளுடைய அடுத்த வினா. மராத்தியில் 'கி' எழுதும்போதும் குறி முன்னேதானே நிற்கிறது என்று காட்டினோம், உடனே பிடித்துக்கொண்டாள். இத்தகைய வினா எழும் கணத்தில் விடை கூறக் குழந்தையின் அருகே ஒருவர் இருத்தல் வேண்டும். அவருக்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. தமிழ் எழுத்தும் பொறுமையும் இருந்தாற் போதும்.

சென்ற மே மாதம் மீண்டும் ஊருக்குச் சென்றோம். மதுரைப் பலகையின் மேல்வரியை நம் மகன் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தான். ஊரில் ஆச்சியிடம் அப்போது அழைப்பிதழ் ஏதுமில்லை. சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு தாளைப் படித்து முடிக்க அவனுக்கு நெடுநேரமாயிற்று. ஆச்சி இறுதிவரை அமர்ந்து கேட்டார்.

மாதுங்கா, செம்பூர் அன்பர்களே! உங்கள் இல்லங்களிலும் கைப்பேசி உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நாம் அச்சிட்ட கதை ஏடுகள் நம் வகுப்பில் இருக்கின்றன. வந்து கேட்போருக்கு மகிழ்வுடன் தருவோம். படியெடுத்துக்கொள்ள உரிமமும் இடந்தருகிறது. விலையில்லா அவ்வேடுகளுக்கு நீங்கள் தரவேண்டிய விலை ஒன்றே. வாரத்தில் அரைமணி நேரம் உங்கள் குழந்தையின் அருகே அமருங்கள்.